வானத்தை வரைகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: காவிரிக் கரையிலிருந்து பதில்கள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு மொட்டை மாடியில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வான ஓவியம் சொல்லித் தருகிறேன். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், வேலைக்குப் போகிறவர்கள் வருகிறார்கள், தஞ்சாவூர்ப் படம் செய்து பழகிய கைகளும் வருகின்றன. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

விண்வெளி ஓவியம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

வானில் இருப்பதைப் பார்த்தோ, அதைப் பற்றித் தெரிந்துகொண்டோ வரைகிற எல்லாவற்றையும்தான். ராக்கெட்டும் கண்ணாடித் தொப்பியும் இருந்தால்தான் விண்வெளி ஓவியம் என்றில்லை. இத்தாலியில் ஜியோட்டோ 1305 வாக்கில் பாதுவா நகரத்துத் தேவாலயச் சுவரில் குழந்தை இயேசுவின் கொட்டகைக்கு மேலே ஒரு வால்மீனை நெருப்புப் பந்தாக வரைந்தார். 1301-இல் வந்த ஹாலி வால்மீனை அவர் பார்த்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். 1986-இல் அதே ஹாலியைப் பார்க்கப் போன ஐரோப்பிய விண்கலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த கதை 1609-ஆம் ஆண்டுக் கதை. அந்த ஆண்டு இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்து வரைந்தார். சில மாதம் கழித்து கலிலியோவும் வரைந்தார். ஹாரியட்டின் முதல் படத்தில் ஒளிக்கும் இருளுக்கும் நடுவில் ஒரு கோணல் கோடும் சில கறைகளும்தான் உண்டு. கலிலியோவுக்கு ஓவியப் பயிற்சி இருந்தது, நிழல் எப்படி விழும் என்று தெரியும். அதே கோணல் கோட்டில் அவர் மலையையும் பள்ளத்தையும் கண்டார். வரையத் தெரிந்த கண் கூடுதலாகப் பார்க்கும் என்பதை நான் இந்தக் கதையிலிருந்துதான் முழுதாக நம்பினேன்.

நாசா படத்தில் வருகிற நிறமெல்லாம் உண்மையா? பொய் என்றால் நான் ஏன் அதைப் பார்த்து வரைய வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

ஹபிள் தொலைநோக்கியின் கேமரா நிறத்தை நேராகப் பதிவு செய்வதில்லை. ஒவ்வொரு வடிகட்டியாக மாற்றி மாற்றிக் கறுப்பு வெள்ளையில் எடுக்கும். அப்புறம் பூமியில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து அடுக்குகிறார்கள். 1995-இல் வந்த 'படைப்பின் தூண்கள்' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் உள்ள கழுகு நெபுலாவில் (நெபுலா என்றால் விண்வெளியில் வாயுவும் தூசும் கூடிய மேகம்) யானைத் தும்பிக்கை மாதிரி எழுந்து நிற்கும் மூன்று தூண்கள். அந்தப் படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் கொடுத்திருக்கிறார்கள். இயற்கையில் ஹைட்ரஜன் ஒளியும் கந்தக ஒளியும் இரண்டுமே சிவப்பு. அப்படியே விட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் பிரித்துக் காட்டினார்கள்.

இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலப்படத்தில் வயலுக்கு ஒரு நிறம், மேட்டுக்கு ஒரு நிறம் போடுகிறோம், அது மாதிரிதான் இது. ஆனால் இதை அறியாமல் பார்த்து வரைகிறவர் வெறும் நகல் எடுக்கிறார். அறிந்து வரைகிறவர் அந்தப் பச்சைக்குள் ஹைட்ரஜன் இருப்பதைத் தெரிந்து வரைகிறார். தூரிகை போகிற விதமே மாறிவிடும்.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான கருந்துளைப் படம் இன்னும் ஒரு படி மேலே. அது வானொலி அலைகளால் எடுத்தது, அதில் கண்ணுக்குத் தெரியும் நிறமே கிடையாது. அந்த ஆரஞ்சு வளையம் முழுக்க முழுக்கத் தேர்ந்தெடுத்த நிறம். நெப்டியூனையும் சொல்ல வேண்டும். 1989-இல் வாயேஜர் 2 விண்கலம் எடுத்த படங்களில் மேகங்கள் நன்றாகத் தெரியட்டும் என்று ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டியதால் அது கருநீலமாகவே எல்லோர் மனதிலும் தங்கிவிட்டது. 2024 தொடக்கத்தில் வெளியான ஆய்வு, நெப்டியூனும் யுரேனஸும் ஏறக்குறைய ஒரே வெளிர் பச்சைநீலம் என்று காட்டியது. என் பழைய நெப்டியூன் படம் ஒன்று கூடத்துச் சுவரில் இருக்கிறது, கருநீலம். அதை மாற்றவில்லை. பக்கத்தில் புதிதாக வெளிர்நிறத்தில் ஒன்று வரைந்து மாட்டினேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விஷயம் புரிகிறது.

ஒரு தொலைநோக்கியை வைத்து வேட்டைக்காரன் (ஓரியன்) மண்டலத்து நெபுலாவைக் காட்டினால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். படத்தில் ரோஜாவும் ஊதாவுமாக இருந்தது, கண்ணுக்குச் சாம்பலாக, லேசான பச்சை தட்டியது போலத் தெரியும். மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தை உணராது, அதுதான் காரணம். அந்தச் சாம்பலையே முதலில் வரையச் சொல்கிறேன். அது அவர்கள் கண்ணால் கண்டது. ரோஜா நிறம் பிறகு வரட்டும்.

அப்படியென்றால் வெறும் கண்ணுக்கு நிறம் தெரிகிற நட்சத்திரமே கிடையாதா?

உண்டு. மார்கழி, தை மாதத்தில் அந்த வேட்டைக்காரன் மண்டலத்துத் திருவாதிரையைப் பாருங்கள். செம்மஞ்சள். அதே மண்டலத்தில் எதிர்மூலையில் இருக்கும் ரைஜெல் நீலம் தட்டிய வெள்ளை. சிவந்தது சூடு குறைந்தது, மேற்பரப்பில் சுமார் 3,500 டிகிரி. நீலமானது அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் சூடு. இரண்டு நிறத்தையும் மாடியிலேயே கலந்து பாருங்கள், ஒரு மணி நேரம் போவது தெரியாது.

திருவாதிரை சிதம்பரத்து நடராசருக்கு உரிய நட்சத்திரம். மார்கழியில் ஆருத்ரா தரிசனம் அந்த நாளில்தான். செம்மேனிப் பெருமானுக்குச் செந்நிற நட்சத்திரம் என்று கண்டவர்கள் வானத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்திருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரை அது வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே மங்கிப்போனது. அது தானே வெளியே தள்ளிய தூசு மறைத்ததுதான் காரணம் என்று பின்னால் கண்டார்கள். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை அதை வரைந்து வைத்தவர்களிடம் இன்று விலைமதிக்க முடியாத ஒரு வரிசை இருக்கும்.

வெப் தொலைநோக்கிப் படத்தில் நட்சத்திரத்துக்கு முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, வரையும்போது போடலாமா?

போடலாம், ஆனால் எண்ணிக்கை சரியாக இருக்கட்டும். அவை நட்சத்திரத்தில் இருப்பவை இல்லை, கருவியால் வருபவை. ஹபிளில் நான்கு முள். வெப்பின் கண்ணாடி அறுகோணம் என்பதால் ஆறு பெரிய முள், தாங்கும் கம்பிகளால் இரண்டு சின்ன முள், ஆக எட்டு. வெறும் கண்ணால் பார்த்ததை வரைந்தால் முள் போடாதீர்கள்.

எங்களிடம் தொலைநோக்கி கிடையாது. டெல்டாவில் எங்கே நின்று, எப்போது பார்த்து வரைவது?

நம் ஊரின் பெரிய வசதி, மலை கிடையாது. நாலு பக்கமும் அடிவானம் தரை வரை இறங்கும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரி என்பதால், ஐரோப்பாக்காரர்கள் தங்கள் ஊரிலிருந்து காணவே முடியாத தென்வானம் நமக்குத் தெரியும்.

மாசி மாதம் இரவு ஒன்பது மணிக்கு நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து கால்வாசிக்குச் சற்று மேலே, ஒளிரும் ஒரு வெண்மையான நட்சத்திரம் இருக்கும். அதுதான் அகத்தியர். இரவு வானின் இரண்டாவது ஒளிமிக்க நட்சத்திரம். அகத்தியர் கமண்டலத்தைக் காக்கை கவிழ்த்துக் காவிரி பிறந்தாள் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. காவிரிக் கரையில் நின்று அந்த நட்சத்திரத்தையும், ஆற்றில் அதன் ஒளிக்கோட்டையும் ஒரே படத்தில் வரைந்தால் அந்தக் கதை முழுதும் அதற்குள் வந்துவிடும். சித்திரை கடைசியில், வைகாசித் தொடக்கத்தில், அதே நேரத்துக்குத் தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த காலம் குறுவை நடவுக்கு முன். உழுது பரம்படித்துத் தண்ணீர் கட்டிய வயல் ஒரு சில நாள் வெறுமனே கிடக்கும், நாற்று இன்னும் இறங்கியிருக்காது. காற்றில்லாத இரவு அமைந்தால் வயல் முழுக்கக் கண்ணாடி. ஆடிக்கு முந்தைய ஒரு இரவில் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். தென்வானில் விருச்சிகம் கொடுக்கோடு வளைந்து கிடந்தது. அதன் நெஞ்சில் சிவந்த கேட்டை நட்சத்திரம் என் காலடிச் சேற்றுத் தண்ணீரிலும் சிவப்பாகவே தெரிந்தது. ஒரு தவளை குதித்தது, விருச்சிகம் முழுவதும் கலைந்து, பிறகு மெதுவாகக் கூடியது. அந்தக் கூடுகிற நேரத்தைத்தான் இன்று வரை வரைந்துகொண்டிருக்கிறேன். பாம்பு இருக்கும், காலில் பூட்ஸும் கையில் விளக்கும் இல்லாமல் வரப்புக்குப் போகாதீர்கள். விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டால் கண் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும்.

கடல் வேண்டுமென்றால் தரங்கம்பாடி, பூம்புகார். கிழக்கு திறந்திருப்பதால் உதயம் எல்லாம் அங்கே அழகு. பட்டினப்பாலை தொடங்குவதே வெள்ளிக் கோள் திசை மாறித் தெற்கே போனாலும் காவிரி பொய்க்காது என்று சொல்லித்தான். அது பாடும் காவிரிப்பூம்பட்டினம் நின்ற கரையில் விடிவெள்ளியைப் பார்த்து வரைவது தனி அனுபவம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விடாது, அந்த நாட்களில் உள்ளே உட்கார்ந்து வண்ணம் பழகுங்கள்.

பிறையை எப்படி வரைய வேண்டும்? என் பெண் வரைந்ததைப் பார்த்துத் 'தப்பு' என்று சொல்லிவிட்டார்களாம்.

அவள் எப்படி வரைந்தாள்? தோணி மாதிரிப் படுத்தாற்போல் என்றால் அவள்தான் சரி. அடைப்புக்குறி போல் நிற்கும் பிறை வடக்கே தொலைவில் இருக்கும் நாடுகளின் புத்தகங்களிலிருந்து வந்தது. நமக்கு மாசி, பங்குனியில் மாலைப் பிறை ஏறக்குறைய மட்டமாகப் படுத்திருக்கும். ஆவணி, புரட்டாசியில் வடக்குக் கொம்பு உயர்ந்து சாய்ந்திருக்கும். மூன்றாம் பிறையில் எந்தக் கொம்பு உயர்ந்திருக்கிறது என்று பார்த்து மழை சொல்லும் பெரியவர்கள் இதைக் கவனித்தே வைத்திருந்தார்கள்.

நிறைய ஓவியர்கள் செய்யும் பிழை வேறு ஒன்று: இரண்டு கொம்புக்கும் நடுவில், வளைவுக்குள்ளே, ஒரு நட்சத்திரம். அங்கே நிலவின் இருண்ட உடல் இருக்கிறது. அதை ஊடுருவி எந்த நட்சத்திரமும் தெரியாது. அந்த இருண்ட பகுதியை லேசான சாம்பல்நீலத்தில் பூசிப் பாருங்கள், பூமியின் ஒளி பட்டு அது அப்படித்தான் மின்னும். இன்னொன்று, நிலவு வெள்ளை கிடையாது. தன்மேல் விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. பழைய தார் ரோடு நிறம். சுற்றிலும் இருட்டு என்பதால் நமக்கு வெள்ளை.

தஞ்சாவூர்ப் பலகைப் படத்து முறையில் நெபுலா செய்யலாமா? தங்கத் தாள் ஒத்து வருமா?

செய்யலாம், நாங்கள் செய்து பார்த்தோம். முறை அதேதான். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புக்கல் மாவும் கோந்தும் குழைத்துப் பூசித் தேய்த்து, கோடு போட்டு, புடைப்பு வேண்டிய இடத்தில் அதே கலவையை உயர்த்தி, கல் பதித்து, தாள் ஒட்டி, கடைசியில் வண்ணம்.

முதல் பலகையில் நெபுலா முழுவதையும் புடைத்துத் தங்கம் ஒட்டினோம். பார்க்க ஒட்டியாணம் மாதிரி வந்தது, ஆழமே இல்லை. தங்கம் எப்போதும் கண்ணை நோக்கி முன்னே வரும், வானமோ பின்னே போக வேண்டும். இரண்டாவது பலகையில் வாயு முழுவதையும் வண்ணத்திலேயே மெல்லிய பூச்சாக அடுக்கினோம். தானே ஒளி விடுகிற நட்சத்திரங்களுக்கு மட்டும் தாளும் சின்னக் கல்லும். பின்னணிக்குக் கடைக் கறுப்பைப் பயன்படுத்தாதீர்கள், செத்துப்போகும். அல்ட்ராமெரின் நீலத்தில் கரும்பழுப்பு கலந்தால் உயிருள்ள இருட்டு கிடைக்கும். முடிந்ததும் மின்விளக்கை அணைத்துவிட்டு ஒரு அகல் விளக்கை ஏற்றிப் பாருங்கள். இந்தக் கலை பிறந்தது பூசையறை வெளிச்சத்துக்கு. சுடர் ஆட ஆட அந்த நட்சத்திரங்கள் மினுங்கும், அச்சிட்ட எந்தப் படத்திலும் அது கிடைக்காது.

வெப் தொலைநோக்கியின் கண்ணாடிக்கும் தங்கம்தான் பூசியிருக்கிறார்கள். பெரில்லியம் உலோகத்தில் செய்த 18 அறுகோணத் துண்டுகள், சேர்த்தால் 6.5 மீட்டர் அகலம். அத்தனைக்கும் ஆன தங்கம் சுமார் 48 கிராம், நம் கணக்கில் 6 பவுன். அகச்சிவப்பு ஒளியைத் தங்கம் மிக நன்றாகத் திருப்பும் என்பதால் அந்தத் தேர்வு. எங்கள் மாடியில் இதைக் கேட்ட ஒரு பலகைப் படக் கலைஞர், அறுபதைத் தாண்டியவர், சிறிது நேரம் பேசவேயில்லை. அடுத்த முறை வரும்போது அந்த 18 அறுகோணங்களையே புடைத்துத் தங்கம் ஒட்டி, நடுவில் கரீனா நெபுலாவின் மலைமுகடுகளை வைத்துக் கொண்டுவந்தார். எங்களிடம் உள்ளதில் அதுவே சிறந்த படம்.

நவக்கிரகக் கோவில்களில் சொல்லும் நிறம் ஒன்று, விண்கலம் காட்டும் நிறம் ஒன்று. எதை வரைவது?

நம் பகுதியில் திங்களூரிலிருந்து கீழப்பெரும்பள்ளம் வரை ஒன்பது தலங்கள் சுற்றிலும் இருப்பதால் இந்தக் கேள்வி இயல்பாகவே வருகிறது. வைத்தீஸ்வரன்கோவில் செவ்வாய்க்குச் சிவப்பு. அங்கே இரண்டும் ஒத்துப்போகிறது, துருப்பிடித்த இரும்புத்தூசுதான் செவ்வாயின் நிறம். கஞ்சனூர்ச் சுக்கிரனுக்கு வெள்ளை, அதுவும் சரி. வெள்ளியை மூடியிருப்பவை கந்தக அமில மேகங்கள், வெளிர்ந்த நிறம். ஆலங்குடி குருவின் மஞ்சளும் வியாழனின் பாலாடை நிறத்துக்குத் தொலைவில் இல்லை. திருவெண்காட்டுப் புதனுக்குப் பச்சை, ஆனால் கோள் சாம்பல். திருநள்ளாற்றுச் சனிக்குக் கறுப்பு, கோளோ வெளிர் மஞ்சள். ராகுவும் கேதுவும் கோள்களே இல்லை, நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள். கிரகணம் அங்கேதான் நடக்கும்.

தெய்வ உருவத்தை வரைகிறீர்கள் என்றால் மரபின் நிறத்தை மாற்றாதீர்கள். கோளை வரைகிறீர்கள் என்றால் கோளின் நிறம். இரண்டையும் ஒரே பலகையில் வைக்க வேண்டுமென்றால், உருவத்துக்கு மரபு நிறமும் பின்னால் இருக்கும் வட்டத்துக்குக் கோளின் நிறமும் கொடுங்கள். கறுத்த சனிக்குப் பின்னால் வெளிர்மஞ்சள் வளையக் கோள் எழுந்தால் மிகவும் எடுப்பாக இருக்கும்.

பழைய கோவில்களில் இந்த மாதிரி ஏதாவது பார்த்துக் கற்க முடியுமா?

தஞ்சைப் பெரிய கோவிலின் உள் சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931-இல் தெரியவந்தது. அதில் திரிபுரம் எரித்தவர் தேரில் நிற்கும் காட்சி உண்டு. புராணப்படி அந்தத் தேருக்குப் பூமி தட்டு, சூரியனும் சந்திரனும் சக்கரங்கள். தாராசுரம் போனால் குதிரை பூட்டிய தேராகவே ஒரு மண்டபம் கல்லில் நிற்கிறது. காலையில் போய்ச் சக்கரத்தில் நிழல் நகர்வதைப் பென்சிலால் பிடித்துப் பாருங்கள். சிதம்பரத்தில் ஆகாயத்தையே வணங்குகிறார்கள், திரைக்குப் பின்னால் பொன் வில்வ மாலை தொங்கும் வெறும் வெளி. வெற்றிடத்தை எப்படிக் காட்டுவது என்று திணறும் ஓவியருக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது: ஓரத்தில் ஒரு பொன் கீற்று, மற்றதை விட்டுவிடு.

விண்வெளிக்குப் போனவர்கள் யாராவது வரைந்திருக்கிறார்களா?

அலெக்சி லியோனவ். 1965 மார்ச் 18 அன்று விண்கலத்துக்கு வெளியே மிதந்த முதல் மனிதர். கலத்துக்குள் திரும்பியதும், மிதந்து போகாமல் நூல் கட்டிய வண்ணப் பென்சில்களால் சூரிய உதயத்தை வரைந்தார். பூமியின் விளிம்பில் சில வண்ணப் பட்டைகள், அவ்வளவுதான். சின்னப் படம், ஆனால் விண்வெளியில் வரைந்த முதல் படம்.

ஆலன் பீன் கதை இன்னும் நெருக்கமானது. 1969 நவம்பரில் நிலவில் நடந்த நான்காவது மனிதர். 1981-இல் நாசாவை விட்டு விலகி முழுநேர ஓவியரானார். நிலவில் தான் பயன்படுத்திய சுத்தியலையும், நிலாக் காலணியின் அடித்தடத்தையும் பலகைப் பூச்சில் அழுத்திப் பதித்து அதன்மேல் வரைந்தார். நிலாத்தூசு படிந்த தன் உடைச் சின்னங்களிலிருந்து துணுக்குகளையும் சேர்த்தார். அவர் நேரில் கண்ட நிலவு சாம்பல். ஆனால் படங்களில் ஊதா, பச்சை, ஆரஞ்சு எல்லாம் வரும். கண்டவரே நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்.

பார்க்காத இடத்தைக் கற்பனையில் வரைந்தால் தவறாகிவிடாதா?

1944-இல் அமெரிக்க ஓவியர் செஸ்லி போன்ஸ்டெல் சனியின் நிலவான டைட்டனில் நின்று சனியைப் பார்ப்பது போல் வரைந்தார், பனி மலைகளுக்கு மேல் தெளிந்த நீல வானத்தில் வளையத்தோடு சனி. 2005 ஜனவரியில் ஹைகன்ஸ் கலம் டைட்டனில் இறங்கியபோது ஆரஞ்சு மூட்டம்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்து விண்வெளி ஆசை பிறந்தவர்கள் ஏராளம். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து நேர்மையாக வரைந்தார், அது போதும்.

நாசா படத்தைப் பார்த்து வரைந்து விற்கலாமா?

நாசாவின் படங்கள் பெரும்பாலும் பதிப்புரிமை இல்லாதவை. வரையலாம், விற்கலாம், மூலத்தைக் குறிப்பிடுங்கள். அவர்கள் சின்னத்தைப் போடக்கூடாது, அவர்கள் ஒப்புதல் தந்தது போலவும் காட்டக்கூடாது. தனியார் ஒளிப்படக்காரர்கள் எடுத்த வான்படம் என்றால் கேட்டே ஆக வேண்டும்.

பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

கறுப்பு சார்ட் தாள், வெள்ளை மற்றும் மஞ்சள் சாக்பீஸ், ஒரு வெள்ளை போஸ்டர் கலர், பழைய பல் துலக்கும் பிரஷ். பிரஷில் தண்ணியான வெள்ளையைத் தொட்டுக் கட்டைவிரலால் தெறித்தால் பால்வீதி வந்துவிடும். விலை கூடிய வண்ணப்பெட்டியை ஒரு வருடம் கழித்து வாங்குங்கள்.

மார்கழிக் கோலத்தில் நட்சத்திரக் கூட்டம் போடலாமா?

தாராளமாக. விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளிக்கும்போது தலையை நிமிர்த்தினால், மேகமில்லாத நாளில் வடக்கே சப்தரிஷி மண்டலம் நன்றாக உயர்ந்து நிற்கும், உச்சியில் சிம்மம், கிழக்கே சித்திரையும் சுவாதியும். ஒரே ஒரு சிக்கல், புள்ளிக்கோலத்தில் புள்ளிகள் வரிசை பிசகாது, வானத்தில் அந்த வரிசை கிடையாது. எங்கள் தெருவில் ஒரு அக்கா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஏழு ரிஷிகளையும் வானத்தில் இருக்கிற இடைவெளியிலேயே பெரிய புள்ளியாக வைத்துவிட்டு, கோட்டால் சேர்க்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே சிக்குக் கோலத்தால் சுற்றினார். வசிட்டருக்குப் பக்கத்தில் அருந்ததிக்கு ஒரு பொட்டு மாவு. பால் வாங்கப் போனவர்கள் எல்லோரும் அங்கே நின்று, கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.